230-ல் 4,500 வாட், 199-ல் எத்தனை? ஏலக்காய் ட்ரையர் ஹீட்டர் கணக்கு

மெட்டுத்தோட்டம்:
வண்டன்மேடு பக்கம் சின்ன ஸ்டோர், ஏலக்காய் உலர்த்தும் இடம். கேரள கரண்ட், சிங்கிள் பேஸ். ட்ரையரில் 1,500 வாட் ஃபின் ஹீட்டர் மூன்று, பேரலலாக. லேபிளில் 230 வோல்ட், மொத்தம் 4,500 வாட் என்று இருக்கிறது. 100 கிலோ பச்சைக்காய் 20 மணி நேரத்தில் காயும் என்று செய்து கொடுத்தவர் சொன்னார். 26 மணி நேரம் ஆகிறது. ஹீட்டர் ஒன்று போயிருக்குமா, இல்லை கரண்ட்தான் பத்தவில்லையா? மெயின் போர்டிலிருந்து ட்ரையர் வரை 40 மீட்டர், 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர். புதுசாக ஸ்டெபிலைசர் வைக்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

ஓம்கணக்கு:
வாங்குவதற்கு முன் நாலு அளவு எடுங்கள். எல்லாம் இரவு, வழக்கமாக ஓடும் நேரத்தில்.

ஹீட்டர் எல்லாம் ஆஃப் செய்துவிட்டு மெயின் போர்டில் வோல்ட். மூன்றும் ஓடும்போது அதே போர்டில் வோல்ட். ஓடும்போதே ஹீட்டர் டெர்மினலில் வோல்ட். ஹீட்டருக்குப் போகும் பேஸ் வயரில் ஆம்பியர்.

கிளாம்ப் மீட்டரின் வாய்க்குள் ஒரே ஒரு வயர்தான் இருக்க வேண்டும். பேஸும் நியூட்ரலும் சேர்ந்த கேபிளைப் பிடித்தால் பூஜ்யம் காட்டும். போகிற கரண்டும் வருகிற கரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். சாதா மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் ஓட்டையில் சொருகி அளக்க வேண்டாம். உங்கள் லோடு அதைத் தாண்டும். அந்த ஓட்டையில் மீட்டர் வயரின் முள் (புரோப்) இருக்கும்போது மறந்து வோல்ட் பார்க்கப் போனால் நேரடி ஷார்ட்.

இன்னொன்று. தெர்மோஸ்டாட் எத்தனையில் வைத்திருக்கிறீர்கள், நடுவில் கட் ஆகிறதா? கட் ஆகி ஆகி ஓடுகிறதென்றால் வாட் பத்தாத பிரச்சினையே இல்லை. ஈரக்காற்று வெளியேறும் வழியைப் பார்க்க வேண்டும்.

மெட்டுத்தோட்டம்:
தெர்மோஸ்டாட் 50 டிகிரி. முதல் பாதியில் கட் ஆவதே இல்லை, கடைசியில்தான் ஆகிறது.

ஹீட்டர் ஆஃப்: போர்டில் 224 வோல்ட்.
ஹீட்டர் ஆன்: போர்டில் 215, ஹீட்டர் டெர்மினலில் 199, கரண்ட் 16.9 ஆம்பியர். ஃபேன் தனி வயரில் போகிறது, இதில் சேராது.

கம்பம் வயரிங்:
வோல்டேஜ் குறைஞ்சா ஆம்பியர் ஏறும்ணே. 4,500-ஐ 199-ஆல வகுத்துப் பாருங்க, 22.6 ஆம்பியர் வரணும். 16.9-தான் இருக்குன்னா ஒரு ஹீட்டர் அவுட். கழட்டிப் பாத்துருங்க.

ஓம்கணக்கு:
கழற்ற வேண்டாம். மூன்றும் நன்றாகவே இருக்கின்றன என்பது இந்த அளவுகளிலேயே தெரிகிறது.

வாட் என்பது ஹீட்டரோடு பிறந்த குணம் இல்லை. 230 வோல்ட் கிடைத்தால் இவ்வளவு என்ற ஒரு நிபந்தனை மட்டுமே. ஹீட்டரோடு பிறந்தது அதன் ஓம். அதை லேபிளிலிருந்தே எடுக்கலாம்: வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுக்க வேண்டும். 230 × 230 = 52,900. அதை 1,500-ஆல் வகுத்தால் 35.27 ஓம். ஒரே மாதிரி மூன்று பேரலல் என்றால் மூன்றில் ஒரு பங்கு, 11.76 ஓம்.

இப்போது அளந்ததை எடுங்கள். 199 ÷ 16.9 = 11.78 ஓம். லேபிள் கணக்கோடு ஒட்டிப் போகிறது. ஒரு ஹீட்டர் அறுந்திருந்தால் இரண்டுக்கு 17.6 ஓம் ஆகி, கரண்ட் 12 ஆம்பியருக்குள் நின்றிருக்கும்.

வாட்: 199 × 16.9 = 3,363. 4,500-ல் 75 சதவீதம்கூட இல்லை. வோல்டேஜ் 13 சதவீதம்தான் குறைந்தது, சூடு 25 சதவீதம் போய்விட்டது. வோல்ட் குறையும்போது கரண்டும் கூடவே குறைகிறது. இரண்டையும் பெருக்குவதால் அடி இரண்டு பக்கமும் விழுகிறது.

கம்பம் வயரிங் தம்பி சொன்னது மோட்டாருக்குச் சரி. பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டத்துச் சப்மெர்சிபிளில் அதைத்தான் தினமும் பார்ப்பீர்கள். தண்ணீர் தூக்கும் வேலை குறையாது, அதனால் வோல்டேஜ் விழுந்தால் மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுத்து ஈடுகட்டப் பார்க்கும், வைண்டிங் எரியும். ஹீட்டருக்கு அப்படி ஒரு கடமை கிடையாது. கொடுத்த வோல்ட்டுக்கு ஏற்ற கரண்ட்தான் அதில் போகும்.

கம்பம் வயரிங்:
மோட்டார் லைனுக்கு நான் சொன்னது சொன்னதுதான். சரி, அப்போ மீட்டரை வச்சு நேரா ஓம் பாத்துடலாமே, எதுக்கு இவ்வளவு பெருக்கல் வகுத்தல்?

ஓம்கணக்கு:
பார்க்கலாம். மெயினை ஆஃப் செய்து, இரண்டு வயரையும் கழற்றி, மற்ற ஹீட்டர்களிலிருந்து பிரித்து. பிரிக்காமல் வைத்தால் மூன்றும் சேர்ந்த ஓம் காட்டும். முள் இரண்டையும் ஒன்றாகத் தொட்டு வரும் அரை ஓம் போன்றதைக் கழித்துக்கொள்ளுங்கள். ஆறிய நிலையில் 34 சொச்சம் வந்தால் பயப்பட வேண்டாம், ஹீட்டர் கம்பியான நிக்ரோமின் ஓம் சூட்டில் கொஞ்சம் ஏறும், அவ்வளவே. குண்டு பல்பில் இந்த வித்தை செல்லாது. 100 வாட் பல்ப் எரியும்போது 529 ஓம், ஆறியிருக்கும்போது 40 ஓமுக்கும் கீழே. ஃபேன் மோட்டாரிலும் செல்லாது. வைண்டிங் ஓமை வைத்துக் கரண்ட் கணக்குப் போட்டால் பயங்கரமான எண் வரும். அங்கே வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினாலும் வாட் வராது, பவர் ஃபேக்டரையும் சேர்த்துப் பெருக்க வேண்டும்.

ஆனால் இங்கே எனக்கு உறுத்துவது ஹீட்டர் இல்லை. 215-க்கும் 199-க்கும் நடுவில் காணாமல் போன 16 வோல்ட்.

16 ÷ 16.9 = 0.95 ஓம். 2.5 ஸ்கொயர் காப்பர் 1 கிலோமீட்டருக்கு 7.41 ஓம். 40 மீட்டர் தூரம் என்றால் போக வர 80 மீட்டர், 0.59 ஓம். பத்து டிகிரி சூட்டுக்கு 4 சதவீதம் என்று கூட்டினாலும் 0.62, 0.65-க்கு மேல் போகாது. மீதி 0.3 ஓம் எங்கே இருக்கிறது? வயரில் இல்லை. ஏதோ ஒரு ஜாயின்ட், ஸ்விட்ச், கான்டாக்டர் (தெர்மோஸ்டாட் சொன்னபடி ஹீட்டரை ஆன்-ஆஃப் செய்யும் பெரிய ஸ்விட்ச்), இவற்றில் ஒன்றில் உட்கார்ந்திருக்கிறது.

பத்தாம்வகுப்பு:
ஒரு சந்தேகம் சார். உங்க கணக்குப்படி ஹீட்டர்ல ஓம் குறைஞ்சா சூடு கூடணும். ஆனா ஜாயின்ட்ல ஓம் கூடினா சூடாகும்னு சொல்வாங்களே. ரெண்டும் எப்படி சரியாகும்?

இயற்பியல் டீச்சர்:
தேர்வில் மதிப்பெண் போகிற இடம் இது, அதனால் நின்றே சொல்கிறேன்.

வாட்டுக்கு மூன்று சூத்திரம் படித்திருப்பாய்: வோல்ட் × ஆம்பியர், ஆம்பியர் × ஆம்பியர் × ஓம், வோல்ட் × வோல்ட் ÷ ஓம். மூன்றும் ஒன்றே. முதலாவதில் ஓம் விதியைப் போட்டால் மற்ற இரண்டும் வந்துவிடும். எதை எடுப்பது என்பதை அந்தப் பொருளுக்கு எது மாறாமல் வருகிறது என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

ஹீட்டர் லைனுக்குக் குறுக்கே நிற்கிறது. அதன் மேல் வோல்டேஜ் ஏறக்குறைய நிலையாக விழுகிறது. ஆகவே வோல்ட் × வோல்ட் ÷ ஓம். ஓம் குறைந்தால் வாட் கூடும்.

ஜாயின்ட் லைனுக்கு நடுவே, சீரிஸில் நிற்கிறது. அதன் வழியே எவ்வளவு கரண்ட் போவது என்பதை 11.76 ஓம் ஹீட்டர்தான் தீர்மானிக்கிறது. 0.3 ஓம் ஜாயின்ட்டுக்கு அதில் பெரிய சொல் இல்லை. ஆகவே ஆம்பியர் × ஆம்பியர் × ஓம். ஓம் கூடினால் வாட் கூடும். 16.9 × 16.9 × 0.33 = 94 வாட்.

இந்த 94 வாட் ஒரு கட்டைவிரல் அளவு முறுக்கில் வெளிப்படுகிறது. அதே 1,500 வாட் ஹீட்டருக்கு நீளமான குழாய், ஃபின், மேலே ஃபேன் காற்று எல்லாம் உண்டு. ஜாயின்ட்டுக்கு மேலே இன்சுலேஷன் டேப்தான்.

ஓம்கணக்கு:
டீச்சர் சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. தேடும் முறையைப் பார்ப்போம்.

0.3 ஓமைச் சாதா மீட்டரின் ஓம் ரேஞ்சில் பிடிக்க முடியாது. முள் வயரின் ஓமே அவ்வளவு இருக்கும். லோடு ஓடும்போது வோல்ட் விழுவதைத்தான் அளக்க வேண்டும். உயிர் லைனில் வேலை, அதனால் ஃபியூஸ் வைத்த முள், ரப்பர் செருப்பு, ஒரு கை பின்னால். பழக்கம் இல்லையென்றால் லைசென்ஸ் உள்ள வயர்மேனை அழையுங்கள். மழைக்காலத்து ஈரத் தரையில் பலகை போட்டு நில்லுங்கள்.

40 மீட்டருக்கு ஒரு சிங்கிள் வயரை நீட்டிப்பாக எடுத்து, ஒரு முனையைப் போர்டு நியூட்ரல் பட்டையிலும் மறுமுனையை மீட்டரின் ஒரு முள்ளிலும் கட்டுங்கள். மற்ற முள்ளை ட்ரையரின் நியூட்ரல் டெர்மினலில் வையுங்கள். வருவது நியூட்ரல் வயரின் இழப்பு. மொத்த 16-லிருந்து அதைக் கழித்தால் பேஸ் பக்கத்து இழப்பு வந்துவிடும். பேஸை நீட்டிப்பு வயரில் இழுத்துக்கொண்டு அலைய வேண்டியதே இல்லை.

நல்ல வயர் என்றால் பக்கத்துக்கு 5 வோல்ட்தான் வர வேண்டும்.

மெட்டுத்தோட்டம்:
வயர்மேனை வைத்துப் பார்த்தாயிற்று. நியூட்ரல் 10.8 வோல்ட். அப்படியென்றால் பேஸ் 5.2.

ஓம்கணக்கு:
பேஸ் சுத்தம். நியூட்ரலில் 5.6 வோல்ட் அதிகம். 5.6 × 16.9, கிட்டத்தட்ட 95 வாட். முள்ளை ட்ரையர் பக்கமிருந்து ஒவ்வொரு ஜாயின்ட்டாகப் பின்னால் கொண்டு போங்கள். 10.8 எந்த இடத்தைத் தாண்டியதும் சட்டென்று குறைகிறதோ அதுதான்.

எல்லோரும் பேஸ் பக்கமே தேடுவார்கள். நியூட்ரலிலும் அதே 16.9 ஆம்பியர்தான் ஓடுகிறது.

கம்பம் வயரிங்:
சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் இருக்கா? ஜெனரேட்டருக்கு வச்சிருந்தா நியூட்ரல் கத்தியும் அதுலதான் போகும். ஸ்ப்ரிங் தளர்ந்து கத்தி கறுத்திருக்கும். அதுக்கு அடுத்தது, அலுமினியத்தையும் காப்பரையும் நேரா முறுக்கி டேப் சுத்துன இடம். மலையில பாதி ஸ்டோர்ல அப்படித்தான் இருக்கு.

மெட்டுத்தோட்டம்:
சேஞ்ச்ஓவரில் 0.2 வோல்ட்தான். இறவாரத்துக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதில் பழைய அலுமினிய கேபிள் துண்டு ஒன்று வந்து காப்பரோடு சேர்கிறது. நியூட்ரல் முறுக்கில் அந்த 5.6 இருக்கிறது. டேப் உருகி ஒட்டிப்போய்விட்டது, வயர் உறை விரல் நீளத்துக்குக் கருவாடு மாதிரி விறைத்திருக்கிறது. பக்கத்திலேயே பேஸ் முறுக்கு புதுசு போல இருக்கிறது.

கம்பம் வயரிங்:
அதேதான். அலுமினியத்து மேல ஆக்சைடு தோல் படியும், அது கரண்டைக் கடத்தாது. போதாததுக்கு ரெண்டு உலோகமும் சூட்டுல வெவ்வேறு அளவு விரியும். தினம் ராத்திரி சூடேறி காலைல ஆறும்போது முறுக்கு தளர்ந்துகிட்டே போகும். தளர்ந்தா ஓம் கூடும், ஓம் கூடினா சூடு கூடும், சூடு கூடினா இன்னும் தளரும்.

டேப்பை மாத்தி முறுக்கினா ஒரு சீசன்கூடத் தாங்காது. கெட்ட பாகத்தை வெட்டித் தள்ளுங்க, பளபளன்னு உலோகம் தெரியற வரைக்கும். அலுமினியத்தை கம்பி பிரஷ்ஷால தேச்ச உடனே ஆக்சைடு தடுக்குற பேஸ்ட் தடவி, பைமெட்டல் லக் (ஒரு பக்கம் அலுமினியம், மறுபக்கம் காப்பர்) போட்டு கிரிம்ப் பண்ணுங்க, அதாவது கருவியால அழுத்திப் பிடிக்க வைங்க. கிரிம்ப் கருவியில அந்த சைஸ் டை இருக்கணும், கட்டிங் பிளேயரால நசுக்குறது கிரிம்ப் ஆகாது. பேஸ் முறுக்கையும் இப்பவே மாத்திருங்க. முடிஞ்சா அந்த அலுமினியத் துண்டையே தூக்கிட்டு போர்டிலிருந்து ஒரே நீளமா காப்பர் விடுங்க, ஜாயின்ட்டே வேண்டாம்.

மெட்டுத்தோட்டம்:
கெட்ட பாகத்தை வெட்டி லக் போட்டு முடிந்தது. போர்டில் 215, ஹீட்டரில் 204, கரண்ட் 17.4. பெட்டி தொட்டால் சூடு தெரியவில்லை. ஆனால் காய் காயும் நேரத்தில் பெரிய வித்தியாசம் வருமா?

ஓம்கணக்கு:
204 × 17.4 = 3,550 வாட். சுமார் 190 வாட் திரும்பி வந்திருக்கிறது. தீப்பிடிக்கும் அபாயம் போனதுதான் பெரிய லாபம், நேரத்தில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட மிச்சம், அவ்வளவே.

ஏன் என்று கணக்குப் போடுவோம். 5 கிலோ பச்சைக்காய்க்கு 1 கிலோ உலர்ந்த காய். 100 கிலோவில் 80 கிலோ தண்ணீர் ஆவியாக வேண்டும். 50 டிகிரியில் ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2,400 கிலோஜூல் அளவு. மொத்தம் 1,92,000 கிலோஜூல், அதாவது 53 யூனிட். வெளியே போகும் ஈரக்காற்று, சுவர், கதவு எல்லாம் சூட்டைத் தின்னும். கொடுப்பதில் 60 சதவீதம் காயில் சேர்கிறது என்று வைத்துக்கொண்டால் 89 யூனிட் கொடுக்க வேண்டும். 4.5 கிலோவாட் என்றால் 20 மணி நேரம். 3.36 என்றால் 26 மணி நேரம். உங்கள் கணக்கும் செய்து கொடுத்தவர் கணக்கும் இரண்டும் சரி. அவர் 230 வோல்ட் வரும் என்று வைத்துப் போட்டார்.

மெட்டுத்தோட்டம்:
அப்போ ஸ்டெபிலைசர்?

ஓம்கணக்கு:
என் பேச்சைக் கேட்டால் வேண்டாம். ஸ்டெபிலைசருக்குப் போடும் காசைத் தடித்த வயருக்கும் இன்னொரு ஹீட்டருக்கும் போடுங்கள். தவிர, ஸ்டெபிலைசர் வைத்தால் உங்கள் லோடு மோட்டார் மாதிரி ஆகிவிடும். உள்ளே வோல்ட் விழ விழ லைனில் கூடுதல் ஆம்பியர் இழுக்கும், லைன் இன்னும் விழும்.

போர்டில் ஆஃப் நிலையில் 224, 16.9 ஆம்பியர் போனதும் 215. இந்த 9 வோல்ட்டை 16.9-ஆல் வகுத்தால் 0.53 ஓம். போஸ்ட்டிலிருந்து, ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் லைனின் ஓம் அது. அதை நீங்கள் தொட முடியாது. சீசனில் அந்த ட்ரான்ஸ்ஃபார்மரில் எல்லா ஸ்டோரும் ஒரே நேரத்தில் ஓடும், 224 என்பதே அதனால்தான். உங்கள் கையில் இருப்பது 40 மீட்டர் வயரும் ஹீட்டரின் எண்ணிக்கையும்.

6 ஸ்கொயர் காப்பர் கிலோமீட்டருக்கு 3.08 ஓம், 80 மீட்டருக்கு 0.25. நாலாவது 1,500 வாட் ஹீட்டரைச் சேர்த்தால் ஹீட்டர் மொத்தம் 8.82 ஓம். எல்லாம் கூட்டினால் 9.6. 224 ÷ 9.6 = 23.3 ஆம்பியர். ஹீட்டரில் 206 வோல்ட், 4,800 வாட். 18, 19 மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

பழைய 2.5 ஸ்கொயரிலேயே நாலாவதைப் போடாதீர்கள். 22.5 ஆம்பியர் போகும். குழாய்க்குள் ஓடும் 2.5-ஐ 20-க்கு மேல் நம்பக் கூடாது. 300 வாட்டுக்கு மேல் வயரிலேயே போகும். பில் போடும் கரண்ட் மீட்டர் அதற்கு முன்னால் இருக்கிறது, அந்தக் காசும் உங்களுடையதுதான். ஜாயின்ட் கெட்டிருந்தபோது 16 வோல்ட் × 16.9 ஆம்பியர், 270 வாட். 26 மணி நேரத்துக்கு ஒரு ஈடுக்கு 7 யூனிட் வழியிலேயே போயிருக்கிறது.

புளியமலை:
200 வோல்ட்டுக்குச் சுற்றிய 1,500 வாட் ஹீட்டர் மூன்று வாங்கிப் போட்டால் ஆகாதா? நாலாவதுக்கு இடம் தேட வேண்டாமே.

ஓம்கணக்கு:
நல்ல கேள்வி. 200 × 200 ÷ 1,500 = 26.7 ஓம். மூன்று சேர்ந்தால் 8.9. நாலு பழைய ஹீட்டரும் இதுவும் லைனுக்கு ஒன்றே. ஆனால் சீசன் முடியும் காலத்தில், நடுராத்திரி, ஆஃப் நிலையில் 245 வோல்ட் வரும் நாளை நினைத்துப் பாருங்கள். 6 ஸ்கொயரில் ஹீட்டர் முனையில் 225. நாலு ஹீட்டர் வைத்தால் ஒவ்வொன்றும் 1,440 வாட், லேபிளுக்குள். 200 வோல்ட் ஹீட்டர் ஒவ்வொன்றும் 1,900 வாட். ஃபேன் பெல்ட் ஒரு தடவை நழுவினால் குழாய் சிவக்கும். நாலாவதுக்கு இடம் தேடுங்கள்.

பச்சைக்காய்:
வாட் கூட்டினால் காய் நிறம் போகாதா?

ஓம்கணக்கு:
நிறம் போவது வாட்டால் இல்லை, வெப்பநிலையால். தெர்மோஸ்டாட் 50-ல் நிறுத்தினால் நாலு ஹீட்டரும் அங்கேதான் நிற்கும், சீக்கிரம் போய்ச் சேரும். சென்சார் ஹீட்டருக்கு நேர் எதிரே இல்லாமல் தட்டுக்கு நடுவில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கான்டாக்டர் 32 ஆம்பியர் ஏசி-1 (ஹீட்டர் மாதிரி லோடுக்கான) ரேட்டிங் வேண்டும், தெர்மோஸ்டாட் கான்டாக்டில் நேராக 23 ஆம்பியர் விடக் கூடாது.

புளியமலை:
மழை பிடித்தால் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழுகிறது. அதைத் தாண்டி நேராகக் கொடுக்கலாமா?

கம்பம் வயரிங்:
கொடுக்கவே கூடாது. ஹீட்டர் குழாய்க்குள்ள இருக்குற மெக்னீசியம் ஆக்சைடு ஈரம் குடிச்சிருக்கும், சும்மா கிடந்த ஹீட்டர்ல இது சகஜம். 230-ஐ 0.03-ஆல வகுங்க, 7,670 ஓம். லைனுக்கும் பாடிக்கும் நடுவுல ஓம் அந்த அளவுக்கு இறங்கினாலே 30 மில்லி ஆம்பியர் கசியும், ஆர்சிசிபி அதுக்கு முன்னாடியேகூட விழும். 500 வோல்ட் மெக்கர்ல (இன்சுலேஷன் ஓம் பாக்குற மீட்டர்) ஒவ்வொரு ஹீட்டரா பாருங்க. 1 மெகா ஓமுக்கு கீழே காட்டுறதைக் கழட்டி, அடுப்புல 120 டிகிரி அளவுல சில மணி நேரம் வச்சு எடுத்தா ஏறிடும். ஏறலைன்னா மாத்துங்க.

மெட்டுத்தோட்டம்:
நாலு ஹீட்டர், 6 ஸ்கொயர் என்று முடிவு. எம்சிபி (லோடு மிஞ்சினால் விழும் ஸ்விட்ச்) 25 ஆம்பியர் போதுமா?

ஓம்கணக்கு:
224-ல் 23.3 ஆம்பியர், 245-ல் 25.5. இரவு முழுக்க ஓடும் லோடுக்கு 25 போட்டால் இடமே இல்லை, சூட்டில் விழலாம். 32 போடுங்கள், 6 ஸ்கொயர் தாங்கும். 2.5 வயர் எங்காவது ஒரு துண்டு நடுவில் மிச்சமிருந்தால் மட்டும் 32 போடக் கூடாது, வயர் எரியும் வரை எம்சிபி சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்.

இணைப்புச் சுமையைக் கூட்டி எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். செக்‌ஷன் ஆபீசுக்குப் போகும்போதே த்ரீ பேஸ் கிடைக்குமா என்றும் கேளுங்கள். கிடைத்தால் 6 ஸ்கொயர் செலவே வேண்டாம், 2.5-லேயே இன்னும் இரண்டு வயர் சேர்த்து இழுத்தால் போதும். பேஸுக்கு ஒன்றாக மூன்று ஹீட்டர், ஒவ்வொரு பேஸிலும் 6 ஆம்பியர் சொச்சம், நியூட்ரலில் ஏறக்குறைய ஒன்றும் போகாது. அதே 2.5 ஸ்கொயரில் இழப்பு 2 வோல்ட்தான், இப்போது 11. ஆறு ஹீட்டர் வரை பேஸுக்கு இரண்டாகத் தாராளமாக வைக்கலாம்.

அப்போதும் நியூட்ரல் ஜாயின்ட்டை லக் போட்டே செய்யுங்கள். ஒரே மாதிரி மூன்று ஹீட்டருக்கு நியூட்ரல் அறுந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஹீட்டர் கட் ஆனதும், அதே நியூட்ரலில் வேறு வேறு பேஸில் தொங்கும் ஃபேனும் லைட்டும்தான் 300 வோல்ட்டுக்கு மேல் வாங்கிப் புகையலாம். நியூட்ரலில் ஃபியூஸ் கட்டைக்கு இடமே வைக்காதீர்கள், நேர் லிங்க் போடச் சொல்லுங்கள்.